அறவுரை எப்போது ‘உபதேசம்’ ஆகிறது? தமிழ் மரபு தந்த விடைகள்: ஒரு மதிப்பாய்வு

‘உபதேசம் பண்ணாதே’ என்று ஒருவர் மறுக்கும்போது, தான் கேட்டது பொய் என்று அவர் சொல்வதில்லை. சொன்னது சரியாகவே இருக்கலாம். சொன்னவரின் தகுதியிலோ, சொன்ன விதத்திலோ, சொன்ன இடத்திலோ ஏதோ பிழை இருக்கிறது என்பதே அவருடைய குறை. ‘கிளாஸ் எடுக்காதே’, ‘கருத்துச் சொல்லாதே’ என்பவையும், அறிவுரை சொல்பவரைக் ‘கருத்து கந்தசாமி’ என்றும் ‘பூமர்’ என்றும் ஒதுக்கும் இன்றைய வழக்கும் இதே குறையைத்தான் சொல்கின்றன.

மறுபக்கம், அறவுரையைத் தமிழளவு போற்றிய மொழிகள் குறைவு. பதினெண்கீழ்க்கணக்கின் 18 நூல்களில் 11 அறநூல்கள். அகரவரிசை கற்கும் குழந்தைக்கு அந்த வரிசையிலேயே ஒழுக்கத்தையும் கற்பிக்க ஆத்திசூடி எழுந்தது. இவ்வளவு போற்றும் மரபுக்குள்ளேயே இவ்வளவு சலிப்பும் இருப்பது ஏன்? ஓர் அறவுரையை ஏற்கத்தக்கதாகவும் இன்னொன்றை வெறும் உபதேசமாகவும் ஆக்குவது எது: பயனா, சொல்பவரா, கேட்பவரா, அரங்கமா, வடிவமா? தொல்காப்பியம் முதல் தற்கால விமரிசனம் வரை இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. அவற்றை ஆறு நிலைப்பாடுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றின் தோற்றத்தையும் வலுவையும் குறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து என்னும் விடை

மிகப் பழைய விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. பாடாண் திணையின் துறைகளுள் வாயுறை வாழ்த்தும் செவியறிவுறூஉவும் இடம்பெறுகின்றன. செய்யுளியல் இரண்டுக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்கிறது. இப்போது கசந்தாலும் பின்னால் நன்மை பயக்கும் சொல்லே வாயுறை. பெரியோர் நடுவே செருக்கின்றி அடங்கி நடப்பது கடமை என்று காதில் படச் சொல்வது செவியுறை. இவ்விரு சொற்களிலும் உள்ள ‘உறை’யை மருந்து என்றே உரைமரபு விளக்குகிறது. திருக்குறளுக்கு வழங்கும் பெயர்களுள் ‘வாயுறை வாழ்த்து’ம் ஒன்று. அறநூல்களின் காலத்தில் இந்த உருவகம் நூற்பெயர்களிலேயே வெளிப்பட்டது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தின் பெயரை நல்லாதனார் தம் நூலுக்கு இட்டார். காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் அவ்வாறே மருந்துப் பெயர் கொண்டவை. ஒரு மருந்தில் எத்தனை சரக்கோ அத்தனை கருத்து ஒரு பாடலில் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு இந்த ஒப்புமை அமைப்பாகவும் மாறியது.

இந்த விடையின் வலு, கசப்பை அது மறைக்காததில் இருக்கிறது. அறவுரை கேட்பவருக்கு இனிக்காது என்பதை ஒப்புக்கொண்டு, பின்விளைவைக் கொண்டு அதை நியாயப்படுத்துகிறது. புறநானூற்றில் இதன் சிறந்த வடிவத்தைக் காணலாம். 184ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் வரியைப் பற்றிப் பேசுகிறார். சிறு நிலத்தில் விளைந்த நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் புகுந்தால், நூறு வயலானாலும், அது தின்பதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. முறையறிந்து வரி வாங்கும் அரசையும் வாரிச் சுருட்டும் அரசையும் இப்படி அருகருகே வைத்து, முடிவை மன்னனிடமே விடுகிறார் புலவர். 35ஆம் பாட்டில் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார், போரில் கிடைக்கும் வெற்றியும் உழவர் கலப்பையிலிருந்தே வருகிறது என்கிறார். இரண்டுமே செவியறிவுறூஉத் துறைக்குரியவை. நாகனாரின் பாட்டால் பழைய நிலவரிக் கடன் நீக்கப்பட்டதாக அதன் அடிக்குறிப்பு சொல்கிறது.

மருந்து என்றால் நோய் இருக்க வேண்டும். நோய் இன்னது என்று கண்டறிந்திருக்கவும் வேண்டும். பிசிராந்தையாரும் நாகனாரும் ஒரு மன்னனிடம், ஒரு சிக்கலைப் பற்றிப் பேசினார்கள். அறநூல்கள் பெயர் தெரியாத அனைவருக்கும் முன்கூட்டியே மருந்து தருகின்றன. இதனால் அவை எல்லாக் காலத்துக்கும் பொதுவாயின. அதே காரணத்தால் குறிப்பிட்ட நோயாளியின் மேல் அக்கறையில்லாத பொதுப்பேச்சு என்ற குற்றச்சாட்டுக்கும் இடம் கொடுத்தன. நோய் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியையும் மருந்து உருவகம் எழுப்புவதில்லை. புறநானூற்றை முன்மாதிரியாகக் கொள்வதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. மன்னர் கேட்டுத் திருந்தினார் என்ற செய்தி பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலிருந்து வருகிறது. அவை பாடல்களுக்குப் பின் சேர்ந்தவை என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு.

சொல்பவரின் தகுதி

இரண்டாவது விடை, பயனை விட்டுச் சொல்பவரை நோக்குகிறது. நூல்களை ஓதி, பொருளை உணர்ந்து, பிறருக்கும் எடுத்துரைத்து, தான் மட்டும் அதன்படி அடங்கி நடக்காதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்கிறது பேதைமை அதிகாரத்தின் 834ஆம் குறள். ‘ஊருக்கு உபதேசம்’ என்ற வழக்கும் இதே கண்டனம்தான்: உபதேசம் ஊருக்கு, சொன்னவருக்கு இல்லை.

தகுதி என்பதில் குறள் உறவையும் சேர்க்கிறது. நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்காக மட்டும் இல்லை, வரம்பு மீறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவும்தான் என்கிறது 784ஆம் குறள். இடித்துரைக்கும் துணையில்லாத அரசன், கெடுப்பவர் யாரும் இல்லாமலே கெடுவான் என்கிறது 448. காது கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பு அரசனுக்கு வேண்டும் என்று 389 வலியுறுத்துகிறது. அறவுரைக்கான உரிமை நெருக்கத்திலிருந்து வருகிறது. நெருக்கம் உள்ளவர் சொல்லாமல் இருந்தால் அதுவே தவறு. சொல்பவரின் கடமையும் கேட்பவரின் பொறுமையும் இங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன.

அன்றாட வாழ்வில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவுகோல் இதுவே. ஆனால் இதைக் கண்டிப்பாகப் பயன்படுத்தினால் சிக்கல் வருகிறது. குடிப்பவர் ஒருவர் குடியின் கேட்டைச் சொன்னால் அது பொய்யாகிவிடுமா? தானே விழுந்த குழியைப் பற்றி எச்சரிக்கும் தகுதி, விழாதவரைவிட அவருக்கே கூடுதலாக இருக்கலாம். சொன்னவரின் குறையைக் காட்டிச் சொன்னதிலிருந்து தப்பிக்கும் வழியையும் இந்த அளவுகோல் திறந்துவிடுகிறது. இன்றைய அரசியல் விவாதங்களில் ‘நீ யோக்கியமா?’ என்ற எதிர்க்கேள்வி பல சமயம் உண்மையான குற்றச்சாட்டை மூடவே பயன்படுகிறது. சொல்பவரின் நாணயமும் சொல்லின் உண்மையும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல.

கேட்பவரின் மறுமொழி

மூன்றாவது விடை, அறநூல்களில் அல்லாமல் அகப்பாடல்களில் இருக்கிறது. இவ்விவாதத்தில் அதற்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. களவியலின் பாங்கற் கூட்டத்தில், காதலில் நிலைகுலைந்த தலைவனைப் பாங்கன் கண்டிக்கிறான், இது கழறல். அதற்குத் தலைவன் விடை சொல்கிறான், இது கழற்றெதிர்மறை. அறவுரைக்கு மறுமொழி சொல்வதைத் தனித்துறையாகவே வகுத்தது அக மரபு.

குறுந்தொகையின் 58ஆம் பாட்டு இத்துறையில் வெள்ளிவீதியார் பாடியது. இடித்துரைக்கும் நண்பரிடம், முடிந்தால் என் உடல் உருகிப்போவதை நிறுத்துங்கள் என்கிறான் தலைவன். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலிருப்பவனுக்குக் கை இல்லை, பேச வாயும் இல்லை. கண்ணால் பார்க்க மட்டும் முடிகிறது. தலைவனின் நிலை அது. பாங்கன் சொல்லும் ஒழுக்கம் தவறு என்று அவன் வாதிடவில்லை. அறிவுரை ஓர் ஆற்றலை முன்கொள்கிறது, அந்த ஆற்றல் என்னிடம் இல்லை என்கிறான். அறிந்தும் செய்ய முடியாதவனிடம் அறிவை மீண்டும் மீண்டும் எடுத்துச் சொல்வதே வெறும் உபதேசம் என்ற விடை இங்கே உருவாகிறது. பரிந்து உதவுவதற்குப் பதிலாகப் பேச்சு மட்டும் வரும்போது கேட்பவருக்கு உண்டாகும் தனிமையை இவ்வளவு துல்லியமாக அறநூல் எதுவும் பதிவு செய்யவில்லை.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. கழற்றெதிர்மறை சமமானவர்களுக்கிடையே நிகழ்வது. பாங்கன் தலைவனின் தோழன். மறுத்தால் தலைவன் எதையும் இழப்பதில்லை. மாணவர் ஆசிரியரிடமும், மருமகள் மாமியாரிடமும், தொழிலாளி முதலாளியிடமும் இப்படி மறுமொழி சொல்ல முடியுமா என்பதை இத்துறை தொடவில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்ற விடை, முடிந்தும் செய்யாதவருக்கும் எளிதில் கைகொடுக்கும் என்பதையும் மறக்க முடியாது.

காதுக்கும் மேடைக்கும் நடுவே

நான்காவது விடை அரங்கத்தைப் பற்றியது. சமய வழக்கில் உபதேசம் என்பது குரு தகுதியுள்ள சீடனின் காதில் மட்டும் சொல்வது. சிவனுக்கே முருகன் பிரணவப் பொருளைக் காதில் சொன்னதாகச் சுவாமிமலைத் தலபுராணம் பெருமை கொள்கிறது. கேட்பவர் தேடி வர வேண்டும், காத்திருக்க வேண்டும். திருக்கோட்டியூர் நம்பியிடம் இராமானுசர் 18 முறை நடந்த பிறகே மந்திரப்பொருள் கிடைத்தது என்பது குருபரம்பரைக் கதை. அதை அவர் பலரறியச் சொன்னதும் அதே கதையில் வருகிறது. எதை, யாருக்கு, எங்கிருந்து சொன்னார் என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன. கேட்டவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டை மீறி அனைவருக்கும் என்று திறந்த செயலாகவே வைணவ மரபு இதைப் போற்றுகிறது. பிற்காலத்தில் மணவாள மாமுனிகளின் உபதேச ரத்தின மாலையும், 1927இல் முருகனாருக்காக ரமணர் இயற்றிய உபதேச உந்தியாரும் இச்சொல்லின் உயர்ந்த பொருளைக் காத்தன.

கிறித்தவத் தமிழ் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வு தந்தது. இராபர்ட் தெ நொபிலி தம் சமய விளக்கத்துக்கு ஞானோபதேசம் என்று பெயரிட்டார். ஊர்தோறும் சென்று போதிப்பவர் ‘உபதேசியார்’ ஆனார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழரின் நீதிநூல்களாலும் ஈர்க்கப்பட்டு நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சபையினர் முன் கிழமைதோறும் நிகழும் பிரசங்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவலாயிற்று. பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர் அந்த வடிவத்தின் ஆற்றலை நேரில் கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். தமிழ் மேடைப்பேச்சின் வேர் இந்தப் பிரசங்க வடிவத்தில் இருக்கிறது என்று ஆய்வாளர் பெர்னார்ட் பேட் வாதிட்டுள்ளார். சுதேசி இயக்கக் காலத்தில் அது அரசியல் கூட்டத்துக்கும், பின்னர் திராவிட இயக்க மேடைக்கும் சென்ற வழியை அவர் ஆய்வு காட்டுகிறது.

இந்த நிலைப்பாட்டின்படி, காதுக்கு உரியதைக் கூட்டத்துக்குச் சொல்லும்போது உபதேசம் கனம் இழக்கிறது. தேடி வந்தவருக்குச் சொன்னது, தேடாதவர் மேல் விழுகிறது. ‘அதிகப்பிரசங்கி’ என்ற வசைச்சொல்லும் இந்த எல்லைமீறலையே குறிக்கிறது: கேளாமல் பேசுபவர், தன் இடம் அறியாதவர்.

ஆனால் எல்லை யாருடையது என்று கேட்காமல் இதை ஏற்க முடியாது. காதுக்குள் மட்டும் என்ற கட்டுப்பாடு, சாதியாலும் பாலாலும் பெரும்பாலோரை அறிவுக்கு வெளியே நிறுத்தியது. இராமானுசர் கதையை மக்கள் கொண்டாடுவதற்குக் காரணமே அவர் அந்த எல்லையைக் கடந்தார் என்பதுதான். ‘அதிகப்பிரசங்கி’ என்ற சொல்லும் வாய்திறந்த சிறுவர்கள்மீதும் பெண்கள்மீதும் அதிகம் எறியப்பட்டது. பொதுப் பேச்சு அறவுரையின் கனத்தைக் குறைத்திருக்கலாம். அதைக் கேட்கும் உரிமையைப் பரப்பியதும் அதுவே.

மேலிருந்து கீழே

ஐந்தாவது விடை, அறவுரை எந்தத் திசையில் செல்கிறது என்று பார்க்கிறது. புறநானூற்றின் செவியறிவுறூஉ கீழிருந்து மேலே சென்றது: பரிசில் நாடும் புலவர் ஆளும் மன்னனுக்குச் சொன்னார். பிற்கால நீதிநூல்களில் திசை பெரிதும் திரும்புகிறது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநாதரின் உலகநீதி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை ஆகியவை திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை. கட்டளை வினை அவற்றின் இயல்பான வடிவம். காரணம் சொல்லும் கடமை சொல்பவருக்கு இல்லை. அறநூல்களின் எழுச்சியை வணிகம், அரசு, சமண பௌத்த சமயங்கள் ஆகியவற்றின் வளர்ச்சியோடு சேர்த்து வாசிக்கும் சமூக வரலாற்று அணுகுமுறையைக் கைலாசபதி, சிவத்தம்பி போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தனர். ஒழுக்கம் காலத்துக்கு அப்பாற்பட்டு நின்று பேசுவதில்லை, ஒரு சமூக ஒழுங்கின் தேவையையும் பேசுகிறது என்பதே அவ்வணுகுமுறையின் பங்களிப்பு.

இதை மிகக் கூர்மையாக்கியவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கற்பைப் பற்றிய குறட்பாக்களை அவர் விமரிசித்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகச் சொல்லாமல் பெண்ணுக்கு மட்டும் சொல்லும் ஒழுக்கம் ஒழுக்கமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே பெரியார் 1949இல் திருக்குறள் மாநாடு கூட்டினார். ஒரு நூலின் அறவுரையை மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ வேண்டியதில்லை என்பதற்கு இது முக்கியமான சான்று. பாரதி வேறு வழியில் சென்றார். புதிய ஆத்திசூடியில், ஔவை சினம் தணியச் சொன்ன இடத்தில் அவர் சினத்தைப் பயிலச் சொன்னார். உள்ளடக்கம் தலைகீழானது, கட்டளைக் குரல் அப்படியே நின்றது. விடுதலையையும் கட்டளையாகவே சொல்ல நேர்ந்தது ஆத்திசூடி வடிவத்தின் வலுவைக் காட்டுகிறதா, அதன் பிடியைக் காட்டுகிறதா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

திசையை மட்டும் அளவுகோலாக்கினால், மேலிருந்து வரும் எல்லா அறவுரையும் அடக்குமுறை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். குழந்தைக்குக் காரணத்தோடு விளக்க முடியாத வயதும் உண்டு. கீழிருந்து வருவதாலேயே ஒரு சொல் சரியாகிவிடுவதும் இல்லை. மன்னனிடம் பேசிய புலவர்களுள் புகழ்ந்து மட்டும் பாடியவரே மிகுதி.

வடிவம் பற்றிய வாதம்

ஆறாவது விடை இலக்கிய விமரிசனத்துடையது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து மம்மடர் மூவகைப் பேச்சைப் பிரித்தார்: எசமானைப் போல ஆணையிடும் வேதம், நண்பனைப் போல எடுத்துரைக்கும் புராண இதிகாசம், காதலியைப் போல மனத்தை ஈர்த்து உணர்த்தும் காவியம். அறத்தைச் சொல்லலாம், ஆனால் மூன்றாவது வழியில் சொன்னால்தான் அது இலக்கியம் என்ற எண்ணம் இதிலிருந்து கிளைக்கிறது.

தமிழில் நாவல் தொடங்கியபோது இந்தப் பிரிவு இருக்கவில்லை. 1859இல் நீதிநூல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தையும் நீதி புகட்டும் நோக்கோடே எழுதினார். கதையை நிறுத்தி ஒழுக்கம் பேசுவது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. 1933இல் ‘மணிக்கொடி’ இதழ் தொடங்கிய பிறகு வளர்ந்த சிறுகதை மரபு இதை மறுத்தது; 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ அந்த மறுப்புக்கு விமரிசனத் தளம் அமைத்தது. எதிர்ப்பக்கத்தில், 1954இல் தொ.மு.சி. ரகுநாதன் ‘சாந்தி’ இதழைத் தொடங்கிய காலம் முதல் முற்போக்கு அணியினர், சமூகப் பொறுப்பைப் ‘பிரசாரம்’ என்று தள்ளுவதே ஒரு தரப்பின் அரசியல் என்று வாதிட்டு வந்தனர்.

மறுப்பாளரின் வாதத்துக்கு வலு இருக்கிறது. வாசகரே சென்றடைய வேண்டிய முடிவை எழுத்தாளர் கையில் திணித்தால் அனுபவம் சுருங்குகிறது. ஆனால் அந்த மரபின் தலைசிறந்த எழுத்தாளரான புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் வாழ்வைச் சொல்லும்போது அறச்சீற்றத்தால்தான் எரிகிறது. உபதேசத்தை விலக்கியவர்கள் அறத்தை விலக்கவில்லை. மறுபுறம், நேரடியாகச் சொல்வதெல்லாம் கலையற்றது என்றால் பிசிராந்தையாரின் பாட்டை என்ன செய்வது? ஒரு மன்னனுக்கு நேரே சொன்ன வரிக்கொள்கை அது; கவிதையாகவும் நிற்கிறது. நேரடித்தன்மை மட்டுமே குற்றவாளி என்று தோன்றவில்லை.

மதிப்பீடு

ஆறு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. எதுவும் அறவுரையின் உள்ளடக்கத்தை முதன்மையாக நோக்கவில்லை. பயன், தகுதி, கேட்பவரின் ஆற்றல், அரங்கம், திசை, வடிவம் என்று ஒவ்வொன்றும் சொல்லுக்கு வெளியே உள்ள ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தனித்து நின்றால் தடுமாறுகிறது. ஆகவே உபதேசம் என்பது ஒரு பேச்சின் நிலையான குணமாக இல்லாமல், இந்த நிபந்தனைகள் முறியும்போது உண்டாகும் உறவுப் பிழையாக இருக்கலாம். ஒரே வாக்கியம் நண்பரிடமிருந்து வரும்போது இடித்துரையாகவும், அந்நியரிடமிருந்து வரும்போது உபதேசமாகவும் கேட்பதை இக்கருத்து ஓரளவு விளக்குகிறது.

தீராத கேள்விகள் மூன்றேனும் உள்ளன. முதலாவது, தகுதியற்றவர் சொல்லும் உண்மையை என்ன செய்வது என்பது. அதைத் தள்ளினால் உண்மையை இழக்கிறோம். ஏற்றால் வேடத்துக்கு இடம் தருகிறோம். இரண்டாவது, குழந்தைகளுக்கு அறம் கற்பிக்கும் முறை. கட்டளையா, கதையா, காரணமா என்பதில் மரபு மூன்றையும் பயன்படுத்தியது. எந்த வயதில் எது தகும் என்ற தெளிவு அந்நூல்களில் இல்லை. மூன்றாவது, முன்பின் அறியாத பல்லாயிரவரிடம் ஒரே நேரத்தில் பேசும் இன்றைய சூழலில், உறவை அடிப்படையாகக் கொண்ட பழைய நிபந்தனைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது.

இவற்றுள் எதற்கு எந்த விடை வந்தாலும் ஒன்று மட்டும் இழக்கத்தக்கதல்ல. செவியறிவுறூஉ, வாயுறை, இடித்துரை, கழறல், கழற்றெதிர்மறை என்று பழைய தமிழ் வேறுபடுத்திய பேச்சுவகைகளை இன்று ‘உபதேசம்’ என்ற ஒரே சலிப்புச் சொல் மூடிவிடுகிறது. அதிகாரத்தில் உள்ளவரிடம் வரியைப் பற்றிக் கேட்பதும், இளையவரின் உடையைப் பற்றிக் குறை சொல்வதும் ஒரே பெயரால் ஒதுக்கப்படும்போது, முதலாவதைக் கேட்க வேண்டியவருக்கே லாபம். அறவுரையைச் சந்தேகிக்கும் பழக்கம் நல்லது. எந்த அறவுரையை, எந்தக் காரணத்துக்காகச் சந்தேகிக்கிறோம் என்று பிரித்துச் சொல்லும்போதுதான் அந்தச் சந்தேகத்துக்கும் பொறுப்பு வருகிறது.